கஸ் கிழவரின் வீட்டுக்கு வந்த தாதி: ‘ரி’ நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. என் அலுமாரியில் உள்ள துப்பறியும் நாவல்களை மேல்மாடி, கீழ்மாடி என்று இரவல் கொடுப்பது பல வருடப் பழக்கம். அதிகம் கைமாறிய புத்தகம் அமெரிக்க எழுத்தாளர் சூ கிராஃப்டன் எழுதிய ‘ரி இஸ் ஃபோர் ட்ரெஸ்பாஸ்’. தமிழில் ‘அத்துமீறல்’ என்று சொல்லலாம். வாங்கிப் போகும்போதும் திருப்பித் தரும்போதும் படிக்கட்டில் நின்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். கதையில் பாதிவரை நடப்பது ஆங்காங்கே வரும். முடிவு வராது.

இது என்ன கதை? சுருக்கமா சொல்லுங்கோ.

2007இல் வெளிவந்த நாவல். கலிபோர்னியாவில் கின்சி மில்ஹோன் என்று ஒரு தனியார் துப்பறிவாளர். அவளுக்குப் பக்கத்து வீட்டில் கஸ் வ்ரொன்ஸ்கி என்ற 89 வயதுக் கிழவர் தனியாக இருக்கிறார். யாரோடும் ஒத்துப்போகாத, எதற்கெடுத்தாலும் சினக்கிற மனிதர். ஒருநாள் வீட்டுக்குள் விழுந்து தோள்மூட்டு விலகிவிடுகிறது. அவருக்கு உறவு என்று இருப்பது நியூயோர்க்கில் வேலை செய்யும் மெலனி என்ற பேத்தி முறைப் பெண் ஒருத்தி மட்டும். அவள் வந்து சில நாள் நின்று, ஒரு தாதியை அமர்த்திவிட்டுத் திரும்பிப் போக வேண்டிய நிலை. தாதியின் பெயர் சொலானா ரோஹாஸ். “இவளைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்துச் சொல்ல முடியுமா?” என்று மெலனி கின்சியிடம் கேட்கிறாள். கின்சி விசாரித்து, பிழை ஒன்றும் இல்லை என்கிறாள்.

ஆனால் வந்தவள் சொலானா ரோஹாஸ் அல்ல. அந்தப் பெயரில் உண்மையான தாதி ஒருத்தி வேறெங்கோ வேலை செய்துகொண்டிருக்கிறாள். இதை நான் சொன்னதால் கதை கெட்டுவிடாது. நாவல் தொடங்கும்போதே ஆசிரியர் இதைச் சொல்லிவிடுகிறார்.

ஏன் ‘ரி’? ஏ, பி, சி எண்டு வரிசையா இருக்காமே?

ஆம். ஆங்கில அரிச்சுவடியின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நாவல். ‘ஏ இஸ் ஃபோர் அலிபை’ 1982இல் வந்தது. ‘ரி’ 20ஆவது எழுத்து, 20ஆவது புத்தகம். ‘எக்ஸ்’ மட்டும் வெறும் ‘எக்ஸ்’ என்றே தலைப்பிடப்பட்டது. 2017இல் ‘வை’ வந்தது. அதே வருடம் டிசம்பர் 28ஆம் திகதி கிராஃப்டன் புற்றுநோயால் காலமானார். ‘இஸட்’டுக்கு ‘ஸீரோ’ என்று பெயர்கூட யோசித்து வைத்திருந்தார், எழுதக் கிடைக்கவில்லை. வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்கக் குடும்பத்தார் விரும்பவில்லை. எங்களைப் பொறுத்தவரை அரிச்சுவடி ‘வை’யோடு முடிகிறது என்று அவருடைய மகள் அறிவித்தார். 35 வருடங்கள், 25 புத்தகங்கள், ஓர் எழுத்து குறை. அந்தக் குறையை அப்படியே விட்டதில் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

அப்ப ‘ஏ’யிலயிருந்து தொடங்க வேண்டாமா? நேரா இருபதாவதைக் கையில தாறீங்களே?

வேண்டாம். ஒவ்வொரு புத்தகமும் தனிக்கதை. கின்சி ஒவ்வொரு தடவையும் தன் பெயர், வயது, தொழில் எல்லாவற்றையும் புதிதாகச் சொல்லித்தான் ஆரம்பிப்பாள். அவளுடைய குடும்பம் பற்றிய கிளைக்கதை ஒன்று ‘ஜே’யில் தொடங்கிப் பின்னால் வரும் புத்தகங்களிலும் ஓடுகிறது. அதை வரிசைப்படி படித்தால் கூடுதல் சுவை. ‘ரி’யை விளங்கிக்கொள்ள அது தேவையில்லை.

நான் ‘ரி’யை முதலில் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், தாய் தகப்பன் இங்கே மூன்றாம் மாடியில், பார்த்துக்கொள்ள மாதச் சம்பளத்துக்கு ஒருவர். எங்கள் ஒழுங்கையில் அப்படி எத்தனை வீடுகள்! மெலனியின் அவசரம், அவளுடைய குற்றவுணர்ச்சி, தொலைபேசியில் “எல்லாம் ஓகேதானே?” என்று கேட்டுவிட்டு ஆறுதலடைவது, இதையெல்லாம் எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கின்சி ஆர்? கலியாணம் கட்டினவவா?

இரண்டு தடவை கட்டி இரண்டு தடவையும் விவாகரத்து. பிறந்தது 1950 மே 5. ஐந்து வயதில் கார் விபத்தில் தாய் தகப்பன் இருவரையும் இழந்தாள். அந்த விபத்தில் அவளும் காருக்குள் இருந்தவள். வளர்த்தது ஜின் என்ற சித்தி. இரண்டு வருடம் பொலிசில் இருந்துவிட்டு, மேலதிகாரிகளுக்குக் கீழே வேலை செய்வது ஒத்துவராமல் தனியே தொழில் தொடங்கியவள்.

அவளோடு பழக இரண்டொரு விடயங்கள் தெரிந்தால் போதும். ஒரு கார் நிற்கிற கராஜை வீடாக மாற்றியதில்தான் குடியிருக்கிறாள். வீட்டுக்காரர் ஹென்றி பிட்ஸ் எண்பது தாண்டியவர், ஓய்வுபெற்ற பேக்கரிக்காரர். பாணும் கறுவா வாசத்தோடு பணிசும் சுட்டு, குறுக்கெழுத்துப் போட்டிகளைத் தானே உருவாக்கிக்கொண்டிருப்பார். தெருமுனையில் ரோசி என்ற ஹங்கேரியப் பெண்மணியின் சாப்பாட்டுக் கடை. அங்கே நாம் விரும்பியதைக் கேட்க முடியாது, ரோசி தருவதைத்தான் சாப்பிட வேண்டும். கின்சி தன் தலைமயிரை நகம்வெட்டும் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொள்வாள். கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே ஒரு கறுப்புச் சட்டை. கச்சான் பட்டரும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்த சான்ட்விச்சை விருந்துபோலச் சாப்பிடுவாள்.

இந்தத் தொடரை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு ஹென்றியும் ஒரு காரணம். இரத்த உறவு இல்லாத வயோதிபர் ஒருவரும் இளம் பெண் ஒருத்தியும் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வதை இவ்வளவு இயல்பாக எழுதுவது சுலபமில்லை. ‘ரி’யில் கஸ் கிழவருக்கு நடப்பது நெஞ்சைப் பிசைவதற்கும் இதுவே காரணம். ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் ஹென்றிக்கு ஆள் இருக்கிறது, அந்தப்பக்கம் கஸ்ஸுக்கு இல்லை.

சான்டா தெரேசா எண்டு வாற ஊர் எங்க இருக்கு? மேப்பில இல்லையே.

கற்பனை ஊர். கிராஃப்டன் வாழ்ந்த சான்டா பார்பராதான் அதன் அச்சு. அந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியவர் அவருக்கு முந்திய தலைமுறைத் துப்பறியும் எழுத்தாளர் ராஸ் மக்டொனால்ட். அவருக்கு மரியாதையாக இவர் அதையே எடுத்துக்கொண்டார்.

ஏன் ஒருத்தரிட்டயும் கைத்தொலைபேசி இல்லை? கூகுளில தேடினா பத்து நிமிஷத்தில முடிஞ்சிடும்.

புத்தகம் வந்தது 2007, கதை நடப்பதோ 1987 டிசம்பரில். கிராஃப்டன் ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு அது: ஒரு கதை முடிந்து கொஞ்ச நாளிலேயே அடுத்த கதை தொடங்கும். அதனால் வாசகர்களுக்கு 35 வருடம் கழிந்தும் கின்சிக்குக் கழிந்தது ஏழு வருடம்தான். ‘ஏ’யில் 32 வயது, ‘வை’யில் 39. ‘ரி’யில் 37.

ஆகவே கின்சியின் வேலை என்றால் நீதிமன்றப் பதிவேடுகளைப் புரட்டுவது, நூலகத்தில் பழைய தெரு விபரக்கொத்துகளைப் பார்ப்பது, கதவுகளைத் தட்டுவது, கேட்டதையெல்லாம் சின்ன அட்டைகளில் எழுதி அடுக்கி, மீண்டும் மீண்டும் மாற்றி அடுக்கிப் பார்ப்பது, பிறகு தட்டச்சில் அறிக்கை அடிப்பது. கச்சேரியிலும் காணிப் பதிவகத்திலும் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த உலகம் நன்றாக விளங்கும். இந்த நாவலுக்கு அந்தக் காலம் இன்னொரு விதத்திலும் முக்கியம். ஒருவர் இன்னொருவரின் பெயரை எடுத்துக்கொள்வது பற்றி அப்போது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. கின்சியும் யோசிக்கவில்லை.

ஆர் குற்றவாளி எண்டு முதலே சொன்னா, பிறகு என்ன மர்மம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். சிலர் முப்பதாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டு வந்து கேட்டிருக்கிறார்கள்.

இந்தத் தொடரின் பெரும்பாலான நாவல்கள் முழுக்கக் கின்சியின் வாயால் ‘நான்’ என்று சொல்லப்படுபவை. அவளுக்குத் தெரிந்தது மட்டும்தான் எங்களுக்கும் தெரியும். ‘ரி’யில் கிராஃப்டன் அதை உடைத்தார். இடையிடையே சில அத்தியாயங்கள் சொலானாவைப் பின்தொடர்கின்றன, அங்கே ‘அவள்’ என்று படர்க்கையில் கதை போகிறது. யாருடைய பெயரைத் திருடினாளோ அந்த உண்மையான தாதியை அவள் தன் மனதுக்குள் ‘மற்றவள்’ என்று அழைக்கிறாள். ஒரே இடத்தில் வேலை செய்த காலத்தில் அந்த ‘மற்றவளின்’ விபரங்களை எப்படிச் சேகரித்தாள், எந்த வீட்டில் கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதை எப்படி மோப்பம் பிடிக்கிறாள், எல்லாம் அவள் கண்ணாலேயே பார்க்கிறோம். அடுத்த அத்தியாயத்தில் கின்சி மதிலுக்கு இந்தப்பக்கம் நின்று, “பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிற பெண்” என்று நினைக்கிறாள்.

‘யார்’ என்ற கேள்வி போய்விட்டது உண்மைதான். அதற்குப் பதிலாக ‘இவளுக்கு எப்போது விளங்கும், அதற்குள் கிழவருக்கு என்ன ஆகும்’ என்ற கேள்வி வருகிறது. எனக்கு இதுதான் கூடப் பயம் தந்தது. இரவு பதினொரு மணிக்கு நான் எழுந்துபோய்க் கீழ்மாடி அம்மாவின் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தது இந்தப் புத்தகத்தால்தான்.

கின்சி இவ்வளவு கெட்டிக்காரி. எப்பிடி ஏமாந்தா?

நாவலின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. கின்சி சோம்பேறித்தனமாக வேலை செய்யவில்லை. தாதிக்குரிய அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா என்று பார்த்தாள், செல்லுபடியாகிறது. முன்பு வேலை செய்த இடங்களில் விசாரித்தாள், எல்லோரும் சொலானா ரோஹாஸை வாயாரப் புகழ்ந்தார்கள். ஏன் புகழமாட்டார்கள்? உண்மையான சொலானா ரோஹாஸ் அருமையான தாதி. அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

காகிதத்தில் உள்ளது சரியா என்று கின்சி பார்த்தாள். அந்தக் காகிதத்துக்கு உரியவள் இவள்தானா என்று பார்க்கவில்லை. மெலனி அவசரப்பட்டாள், கிழவரைப் பார்க்க வேறு யாரும் முன்வரவில்லை, வந்தவள் பண்பாகக் கதைத்தாள். நல்ல செய்தி வரவேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள், வந்தது. இருபது புத்தகங்களில் கின்சி செய்த ஆகப் பெரிய பிழை இது என்று நினைக்கிறேன். அது சாதாரண மனிதர் செய்கிற பிழையாக இருப்பதுதான் சுடுகிறது. அதன்பின் அவள் கிழவர் விடயத்தில் விடாப்பிடியாக நிற்பதில் தொழில் அக்கறையை விடக் கடன்பட்ட உணர்வே கூடுதல்.

சந்தேகம் வந்தபிறகும் ஏன் அவ பொலிசுக்குப் போகேல்லை?

சும்மா இருக்கவில்லை. கிழவர் எந்நேரமும் அரைமயக்கத்தில் கிடக்கிறார், யாராவது பார்க்க வந்தால் “அவருக்கு மறதி கூடிவிட்டது, இப்போது தூங்குகிறார்” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது, வீட்டிலுள்ள பொருட்கள் குறைகின்றன. கின்சி இதையெல்லாம் குறித்துவைத்து, முதியோர் துன்புறுத்தல் பற்றி விசாரிக்கும் அரச பிரிவுக்கு முறையிடுகிறாள். ஆனால் அந்த நடைமுறை மெதுவானது, சொலானா வேகமானவள். சட்டத்தை அவள் கின்சியை விட நன்றாகப் படித்து வைத்திருக்கிறாள். கின்சி கிழவருக்கு அருகே வரக்கூடாது என்று நீதிமன்றத் தடையுத்தரவு வாங்குவது கின்சி இல்லை, சொலானாதான்! அந்த இடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு ஒரு ரீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லியனுப்புவேன்.

இதைப் படிச்சாப்பிறகு எங்கட அம்மாவைப் பார்க்கிற பிள்ளையையே சந்தேகமா இருக்கு. இது நியாயமா?

நியாயமில்லை. புத்தகமும் அதைச் சொல்லவில்லை. மேலே சொன்ன ‘மற்றவளை’ நினைத்துப் பாருங்கள். கஸ் கிழவர் பணத்தையும் உடம்பையும் இழக்கிறார் என்றால், அந்த உண்மையான தாதி வருடக்கணக்கில் நேர்மையாக உழைத்துச் சம்பாதித்த தன் நல்ல பெயரை, தனக்கே தெரியாமல் இழக்கிறாள். இந்தக் கதையில் பாதிக்கப்பட்ட முதல் ஆளே ஒரு பராமரிப்பாளர்தான்.

எங்கள் அம்மம்மாவைக் கடைசி மூன்று வருடம் பார்த்தவர் ஹற்றன் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. ஆட்களை அனுப்பும் ஓர் இடத்தின் மூலம் வந்தார். நாங்கள் மாதாமாதம் கட்டிய காசில் அவர் கைக்குப் போனது எவ்வளவு குறைவு என்பது ஒன்றரை வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அம்மம்மா போனபிறகு பிரேத அறையில் எங்களை விட அதிக நேரம் இருந்தவர் அவர். வீட்டில் இருப்பவரோடு உட்கார்ந்து கதையுங்கள், அவர் ஊரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள், சம்பளம் முழுதாகக் கைக்குப் போகிறதா என்று பாருங்கள். நேர்மையானவருக்கு அது மரியாதை. சொலானா போன்ற ஒருத்திக்கோ அப்படி யாராவது வந்து உட்கார்வதுதான் ஆகப் பெரிய பயம். அவள் கஸ்ஸைத் தெரிந்தெடுத்ததே அவர் வீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்பதால்தான்.

சரி, கின்சி கொழும்பில இருந்தா என்னத்தைப் பார்த்திருப்பா?

அடையாள அட்டை இலக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். எங்கள் இலக்கத்துக்குள்ளேயே பிறந்த திகதி ஒளிந்திருக்கிறது. 2016இலிருந்து வழங்கும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டப்படும். 1980 பெப்ரவரி 1 பிறந்த பெண்ணின் இலக்கம் 1980532 என்று தொடங்கும், பழைய அட்டையில் 80532. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே கணக்கிடுவதால், சாதாரண வருடங்களில் மார்ச்சிலிருந்து ஒரு நாள் கூடுதலாக வரும், அதைக் கண்டு பதறாதீர்கள். சொன்ன வயதும் இலக்கமும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு கேள்வி கேட்கலாம். பிறகு கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ், பொலிஸ் சான்றிதழ்.

ஆனால் கின்சி எப்படி ஏமாந்தாள் என்று மேலே எழுதியதை மறக்கவேண்டாம். இவற்றில் ஒன்றாலும் சொலானா பிடிபடமாட்டாள். இலக்கம் சரியாக இருக்கும், சான்றிதழ் சரியாக இருக்கும், எல்லாம் ‘மற்றவளுடையது’. முன்பு வேலை செய்த வீட்டுக்கு ஒரு படத்தை அனுப்பி, “உங்கள் வீட்டில் நின்றவர் இவர்தானா?” என்று கேட்பதுதான் உதவும். இன்று அது வட்ஸ்அப்பில் ஒரு நிமிட வேலை, கின்சிக்கு அந்த வசதி இல்லை.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். இங்கே 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, முதியோருக்கான தேசிய செயலகம் இருக்கிறது. 60 வயது கடந்தவர்கள் தம்மைக் கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவு கோர அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு சபையும் உண்டு. அப்புறம், அற்றோணித் தத்துவம், காணி உறுதி, வங்கிப் புத்தகம் மூன்றிலும் கையொப்பம் வைக்கும் முன் குடும்பத்துக்கு வெளியே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நாவலின் இரண்டாம் பாதியைப் படித்தபின் ஏன் என்று கேட்கமாட்டீர்கள்.

நடுவில ஒரு வாகன விபத்துக் கதை வருதே, அதைப் பாய்ஞ்சு போகலாமா?

போகவேண்டாம். இழப்பீட்டு வழக்கு ஒன்றுக்காக, விபத்தைக் கண்ட சாட்சி ஒருவரைக் கின்சி தேடுகிறாள். மெதுவாகத்தான் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் அந்த வேலையில் மூழ்கியிருக்கும் நாட்களில்தான் பக்கத்து வீட்டில் நடப்பதெல்லாம் நடக்கிறது. எங்களுக்கும் அப்படித்தானே, அலுவலகம் போய்வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

என்ர இங்கிலீஷ் அவ்வளவு நல்லா இல்லை. படிக்கலாமா?

படிக்கலாம். கின்சி சின்ன வசனங்களில் கதைப்பவள். முதல் நாற்பது பக்கங்களைப் பொறுமையாகத் தாண்டிவிட்டால் கை பழகிவிடும். சொலானா வரும் அத்தியாயங்கள் இன்னும் நேரானவை. வயது வராத பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம், பின்பாதி கடினமானது.

எங்க வாங்கலாம்?

மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். அட்டையில் பெரிதாக ஓர் எழுத்து இருக்கும், அடுக்குக்குள்ளிருந்தே கண்ணில் படும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியிலும் பார்க்கலாம். என் பிரதி எப்போதும் யாரிடமாவது இருக்கும்.

படமா வந்திருக்கா?

கிராஃப்டன் நாவலுக்கு வருமுன் 15 வருடம் தொலைக்காட்சிக்கும் சினிமாவுக்கும் திரைக்கதை எழுதியவர். அந்த உலகம் கதைகளை என்ன செய்யும் என்று தெரிந்ததால் கின்சியை விற்கவே மாட்டேன் என்றார். தான் செத்தபிறகு பிள்ளைகள் விற்றால் பேயாக வந்து பிடிப்பேன் என்றும் சொல்லிவைத்திருந்தார். ஆனாலும் 2021இல் தொலைக்காட்சி உரிமை கைமாறியது. அவர் உயிரோடு இருக்கும்வரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எனக்கு அதில் சந்தோஷம்.

இது உண்மைச் சம்பவமா? அடுத்தது எதைப் படிக்க?

உண்மைச் சம்பவத்தில் பிறந்தது ‘கியூ’. 1969இல் சான்டா பார்பரா மாவட்டத்தில் பெயர் தெரியாத இளம்பெண் ஒருத்தியின் சடலம் கண்டெடுக்கப்பட்டது. கிராஃப்டன் தன் செலவில் உடலைத் தோண்டியெடுத்து முகத்தை மீளுருவாக்கச் செய்து, அந்தப் படங்களைப் புத்தகத்தின் கடைசியில் அச்சிட்டார், யாராவது அடையாளம் காட்டக்கூடும் என்று. ‘ரி’ முடித்தவர்களுக்கு அடுத்ததாக அதைத்தான் கொடுக்கிறேன். இரண்டும் ஒரு பெயரைப் பற்றியவை: ஒன்றில் பெயர் திருடப்படுகிறது, மற்றதில் பெயரே இல்லை.

கின்சிக்கு முன்னோடியைத் தேடுபவர்களுக்கு மார்சியா முல்லரின் ஷரன் மக்கோன் இருக்கிறாள். 1977இலேயே தொடங்கிய தொடர் அது. சாரா பரெட்ஸ்கியின் சிக்காகோ துப்பறிவாளர் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கி, கின்சி வந்த அதே 1982இல் வந்தவள்.

கடைசியில சொலானா பிடிபடுறாவா? அதை மட்டும் சொல்லுங்கோ.

சொல்லமாட்டேன். கடைசிப் பகுதியில் ஓட்டமும் அடிதடியும் கூடிவிடுகிறது, நடுப்பகுதியின் அமைதியான பயம்தான் எனக்கு மேல். ஆனால் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கதவைத் தட்டுங்கள், இருந்து கதைப்போம். கீழ்மாடி அம்மாவும் இப்போது 200ஆம் பக்கத்தில் நிற்கிறார். அவருடைய கண்ணாடி சரியில்லை, அதனால் பின்னேரங்களில் அவரைப் பார்க்கிற பிள்ளைதான் வாசித்துக் காட்டுகிறாள். நேற்று இருவரும் சேர்ந்து வந்து, அடுத்த அத்தியாயத்தில் கஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாதுதானே என்று கேட்டார்கள்.